பியென்சா, சாந்தோ ஸ்தெஃபானோ, ட்ரெவி: இத்தாலிய மலையூர்களில் எதில் தங்குவது?

ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, நடுவில் நான்கைந்து நாள் ஒரு கிராமத்தில் காலாற இருந்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் குன்றின் உச்சியில் கல்வீடுகள், சுற்றிலும் மதில், கீழே வயல் என்று தேடினால் இத்தாலியில் மலைக்கு ஒன்று கிடைக்கும். படத்தில் எல்லாமே அழகு, எல்லாமே ஒரே சாயல். படத்தை நம்பி அறை பிடித்தவர் அங்கே போய் இறங்கிய பிறகுதான், அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் கட்டாந்தரையையோ ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே இல்லை என்ற செய்தியையோ எதிர்கொள்கிறார்.

எனவே அழகுக்கு மதிப்பெண் போடும் வேலையை நான் விட்டுவிட்டேன். இரண்டு கேள்விகள் போதும். நீங்கள் போகிற மாதத்தில் அந்த ஊர் விவசாயிக்கு வயலில் என்ன வேலை? சொந்தமாகக் கார் ஓட்டாமல் அங்கே போய்ச் சேர முடியுமா? இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு மூன்று ஊர்களைப் பார்ப்போம்: டஸ்கனியில் பியென்சா, அப்ரூட்சோவில் சாந்தோ ஸ்தெஃபானோ தி செஸ்ஸானியோ, உம்ப்ரியாவில் ட்ரெவி. ஒன்று ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிக்கும் கோதுமைக்கும் பேர்போனது, அடுத்தது பருப்புக்கு, மூன்றாவது ஒலிவ எண்ணெய்க்கு.

இந்தப் பட்டியலில் இல்லாத சில ஊர்களைப் பற்றியும் கேட்பீர்கள். சிவித்தா தி பஞ்ஞோரேஜியோ கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அங்கே குடியிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. 2013 முதல் நுழைவுக் கட்டணம் கொடுத்துத்தான் உள்ளே போக வேண்டும். அது காட்சிக்கூடம், ஊரல்ல. சான் ஜிமின்யானோவில் பகலில் சுற்றுலா பஸ்கள் கொண்டுவந்து கொட்டும் கூட்டத்தில் விவசாயியைத் தேட வேண்டியிருக்கும். கஸ்தெல்லுச்சோவின் பருப்பு வயல்கள் கோடையின் தொடக்கத்தில் பூத்துக் குலுங்கும்போது பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆனால் 2016 அக்டோபர் 30 நிலநடுக்கம் அந்த ஊரைத் தரைமட்டமாக்கிவிட்டது. அங்கே ஒரு பகல் போய் வரலாம், தங்குவதற்கு வேறு இடம் பார்ப்பதே மேல். வடக்கே பியெமோன்தேயின் லா மொர்ரா போன்ற ஊர்கள் முழுக்க முழுக்க ஒயினுக்கானவை; ஒயின் குடிக்காதவர் அங்கே செலவழிக்கும் காசில் பாதி வீண்.

முதலில் பியென்சா. இது தானாக வளர்ந்த ஊர் அல்ல, ஒருவர் திட்டம் போட்டுக் கட்டிய ஊர். 1405இல் கொர்சின்யானோ என்ற குக்கிராமத்தில் பிறந்த ஏனியா சில்வியோ பிக்கொலோமினி 1458இல் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப்பாண்டவரானார். மறு ஆண்டே, பிறந்த ஊரை இடித்துக் கட்டும் பொறுப்பைக் கட்டடக் கலைஞர் பெர்னார்தோ ரொஸ்ஸெலீனோவிடம் கொடுத்தார். மூன்றே ஆண்டுகளில் தேவாலயம், மாளிகை, சதுக்கம் எல்லாம் எழுந்தன. ஊருக்கு, இத்தாலிய மொழியில் பியோ என்று வழங்கும் தம் பெயரையே சூட்டிவிட்டார். யுனெஸ்கோ 1996இல் ஊரையும், 2004இல் அதைச் சுற்றியுள்ள வால் தோர்ச்சா பள்ளத்தாக்கையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நாட்காட்டிகளில் வரும் டஸ்கனி, அதாவது வளைந்து போகும் மண்சாலை, இருபுறமும் சைப்ரஸ் மரங்கள், குன்றின் மேல் தனியாக ஒரு வீடு, இந்தப் பள்ளத்தாக்குதான்.

அந்தத் தனி வீடுகளுக்கு ஒரு கதை உண்டு. அவற்றில் பெரும்பாலானவை பங்குக் குத்தகைக்காரர்கள் குடியிருந்த வீடுகள். நிலம் ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு, விளைச்சல் ஆளுக்குப் பாதி என்பது அன்றைய ஏற்பாடு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குத்தகைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக நகரங்களுக்குப் போய்விட்டார்கள். புதிதாக அப்படி ஒப்பந்தம் போடுவதையே 1964இல் சட்டம் தடுத்தது. காலியாகிச் சல்லிசாகக் கிடைத்த நிலங்களை வாங்கிக்கொண்டு, மந்தையோடு வந்து இறங்கினார்கள் சார்தீனியத் தீவின் இடையர்கள். இன்று பியென்சாவின் பேர்சொல்லும் பெக்கொரீனோ பாலாடைக்கட்டியில் அவர்கள் கைக்கும் பெரும்பங்கு உண்டு. சுற்றுலாத் துண்டறிக்கைகள் போப்பின் கதையைச் சொல்லும் அளவுக்கு இதைச் சொல்வதில்லை.

ஊரின் முதன்மைத் தெருவில் நுழைந்தாலே பெக்கொரீனோ வாடை மூக்கில் ஏறும். கடைப் பலகைகளில் சக்கரம் சக்கரமாக அடுக்கியிருப்பார்கள்: தக்காளிச் சாந்து பூசிச் சிவந்தவை, சாம்பல் பூசிக் கறுத்தவை, வால்நட் இலையில் பொதிந்து பதப்படுத்தியவை. செப்டம்பர் முதல் ஞாயிறன்று போப்பின் சதுக்கத்தில், நடுவே நட்ட, நூல் நூற்கும் மரத் தக்களியை நோக்கிப் பாலாடைக்கட்டியை உருட்டிவிடும் போட்டி நடக்கும். ஊரே இரண்டுபட்டுக் கத்தும்.

குறை என்னவென்றால், பியென்சாவின் அழகு கோதுமையின் கையில் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் மேடு பள்ளமெல்லாம் பச்சை. ஜூனில் பொன். ஜூலையில் அறுவடை முடிந்துவிட்டால் ஆகஸ்டில் மொட்டைத் தரையும் வெயிலும்தான். மே மாதத்துப் படத்தைப் பார்த்துவிட்டு ஆகஸ்டில் போனால் வேறு நாட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். ரயிலும் கிடையாது. சியெனாவிலிருந்தும் மொன்தேபுல்சானோவிலிருந்தும் பஸ் உண்டு. அதுவும் வார நாட்களில் எண்ணிக்கையாகத்தான் ஓடும். பஸ் ஊரில் இறக்கிவிடும், சரி. ஆனால் நீங்கள் பார்க்க வந்த பள்ளத்தாக்கு ஊருக்கு வெளியே கிலோமீட்டர் கணக்கில் விரிந்து கிடக்கிறது. கார் இல்லாதவருக்குப் பியென்சா என்பது மதில் ஓரத்தில் நின்று தூரத்திலிருந்து பார்க்கும் காட்சி. அரை நாளில் அது முடிந்துவிடும்.

அடுத்தது சாந்தோ ஸ்தெஃபானோ. இங்கே எல்லாம் தலைகீழ். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,250 மீட்டர் உயரம். கிரான் சாஸ்ஸோ தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சிற்றூர். 2020இல் ஊரின் மக்கள்தொகை 115 தான். ஆள் சேர்ப்பதற்காக, வந்து குடியேறித் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்குப் பணம் தருவதாக அந்த ஆண்டு ஊராட்சி அறிவித்து, உலகச் செய்திகளில் அடிபட்டது. வந்து குவிந்த விண்ணப்பங்கள் ஊரின் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு.

இந்த ஊருக்கும் பியென்சாவின் போப் குடும்பத்துக்கும் தொடர்பு உண்டு. பிக்கொலோமினி குடும்பத்தின் வசமிருந்த இந்தச் சீமையை 1579இல் ஃபுளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்தார் விலைக்கு வாங்கினார்கள். அத்தனை தொலைவிலிருந்து இந்த மலைக்கு அவர்களை இழுத்தது கம்பளி. கோடையில் மேலே மேயும் ஆடுகள் குளிர் தொடங்கியதும் தெற்கே புல்யாவின் சமவெளிக்கு நடந்தே போகும். வசந்தத்தில் நடந்தே திரும்பும். அப்ரூட்சோவின் லாக்விலா நகரிலிருந்து புல்யாவின் ஃபோஜ்ஜா வரை அவை நடந்த புல்வழி 244 கிலோமீட்டர். கம்பளி வாணிகம் படுத்ததும் ஊரும் படுத்தது. பிழைக்கப் போனவர்கள் திரும்பவில்லை. பணம் வராததால் யாரும் பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டவில்லை. இன்று நாம் வியந்து பார்க்கும் பழமை அந்த வறுமை காப்பாற்றிக் கொடுத்தது. பாழடைந்து கிடந்த வீடுகளைப் பழமை கெடாமல் செப்பனிட்டு, ஊர் முழுக்கச் சிதறியிருக்கும் அறைகளை ஒரே விடுதியாக நடத்தும் முறை இங்கே பேர்பெற்றது. 2009 ஏப்ரல் 6 நிலநடுக்கத்தில் ஊரின் அடையாளமான வட்டக் கோபுரம் சரிந்துவிட்டது. பிறகு எடுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

விளைபொருள் பருப்பு. மைசூர்ப் பருப்பின் இனம்தான். தோலோடு இருக்கும், கரும்பழுப்பு நிறம், அளவில் மிளகைவிடச் சிறியது. ஆயிரம் மீட்டருக்கு மேலே, சத்தில்லாத சுண்ணாம்பு மண்ணில், குளிர் விட்டதும் விதைத்து ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் எடுப்பார்கள். ஊறவைக்க வேண்டியதில்லை, அரை மணி நேரத்துக்குள் குழையாமல் வெந்துவிடும். பூண்டும் பிரிஞ்சி இலையும் ஒலிவ எண்ணெயும் சேர்த்துக் கொதிக்கவைத்து, வறுத்த ரொட்டித் துண்டைப் போட்டுக் கொடுப்பார்கள். ஆகஸ்டிலும் இரவில் குளிரும் அந்த உயரத்தில் அதற்கு நிகரில்லை.

ஆனால் போய்ச் சேர்வதுதான் பாடு. ரோமின் திபுர்த்தீனா நிலையத்திலிருந்து லாக்விலாவுக்கு விரைவு பஸ் உண்டு, சுமார் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து மேலே ஏறும் பஸ் நாளுக்கு ஓரிரண்டு. ஒன்றைத் தவறவிட்டால் அந்த நாள் போயிற்று. குளிர்காலத்தில் உணவகங்களில் பாதி பூட்டியிருக்கும், சாலையில் பனி. வாரநாள் மாலையில் ஆளரவமே இருக்காது. தனிமையைத் தேடிப் போகிறவருக்கு அது வரம். பிள்ளைகளோடு போகிறவர் இரண்டாம் நாளே பெட்டியைக் கட்டிவிடுவார்.

மூன்றாவது ட்ரெவி. இணையத்தில் இந்தப் பெயரைப் போட்டு அறை தேடினால் ரோமின் புகழ்பெற்ற நீரூற்றைச் சுற்றியுள்ள ஹோட்டல்கள்தான் வந்து விழும். உம்ப்ரியா என்று சேர்த்துத் தேடுங்கள். போதாக்குறைக்கு லாத்சியோ மாநிலத்திலும் ஒரு ட்ரெவி இருக்கிறது. இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு நான் உள்ளுக்குள் நன்றி சொல்வதுண்டு. கூட்டம் வராமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஊர் ஃபொலின்யோவுக்கும் ஸ்பொலேட்டோவுக்கும் நடுவில், 400 மீட்டர் உயரத்தில், கூம்பான குன்றைச் சுற்றிச் சுருண்டு ஏறுகிறது. அடிவாரத்திலேயே ரயில் நிலையம். ரோமிலிருந்து அங்கோனா செல்லும் பாதை அது; உள்ளூர் ரயில்கள்தான் நிற்கும் என்பதால் பெரும்பாலும் ஃபொலின்யோவிலோ ஸ்பொலேட்டோவிலோ மாற வேண்டியிருக்கும். அங்கிருந்து மேலே நல்ல ஏற்றம். பெட்டியோடு நடக்க முயலாதீர்கள். வீட்டுக்காரரிடம் ரயில் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பலரும் வண்டியோடு வந்துவிடுவார்கள். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்க வேண்டாம், மறந்தால் அபராதம்.

குன்றின் சரிவெல்லாம் ஒலிவ மரம். அசீசியிலிருந்து ஸ்பொலேட்டோ வரை மலையடிவாரம் நெடுகப் பட்டையாக ஓடும் இந்த ஒலிவத் தோப்புகளை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2018இல் உலகளவில் முக்கியமான வேளாண் பாரம்பரியமாக அறிவித்தது. கல்லை அடுக்கி வரப்புக் கட்டி, ஒரு கைப்பிடி மண்ணையும் கீழே விடாமல் பிடித்துவைத்து வளர்த்த மரங்கள் இவை. கூர்ந்து பார்த்தால் பல மரங்களுக்கு ஒரே அடியிலிருந்து மூன்று நான்கு தண்டுகள் பிரிந்திருப்பது தெரியும். 1956 பிப்ரவரியில் அடித்த கடும்பனியில் நடு இத்தாலியின் ஒலிவ மரங்கள் தரைக்கு மேலே கருகிப்போயின. வெட்டிவிட்ட அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தவை இப்போது நிற்பவை. 1985 ஜனவரியில் மறுபடியும் ஓர் அடி விழுந்தது. இத்தனையையும் தாங்கி நிற்கும் ஒரு கிழட்டு மரம் ஊருக்கு அருகே பொவாராவில் இருக்கிறது. ட்ரெவியின் முதல் ஆயர் புனித எமிலியானோவை அதில் கட்டிவைத்துத்தான் கொன்றார்கள் என்பது ஊர் வழக்கு. நடுவில் பொந்து விழுந்து, முறுக்கிப் பிழிந்த துணிபோல நிற்கிறது. காய்ப்பு மட்டும் நிற்கவில்லை.

இங்கே போக வேண்டிய காலம் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் இறுதிவரை. மரத்தடியில் வலையை விரித்து, சீப்பு மாதிரியான கைக்கருவியால் கிளையைக் கோதிவிடுவார்கள். பாட்டரியில் அதிரும் நீளக்கோலும் இப்போது பரவலாகிவிட்டது. காய் பாதி பச்சையும் பாதி ஊதாவுமாக இருக்கும்போதே பறிக்கிறார்கள். முழுக்கப் பழுத்தால் எண்ணெய் கூடும், காரம் குறையும். காரத்தை விட்டுக்கொடுக்க உம்ப்ரியாக்காரர் தயாரில்லை.

பறித்தது தாமதமில்லாமல் ஆலைக்குப் போகும். அந்த வாரங்களில் ஆலைகள் இரவிலும் ஓடும்; தெருமுனையில் திரும்பும்போதே, அரைத்த பச்சிலையும் நறுக்கிய தக்காளிக் காயும் கலந்தது போன்ற வாசம் வரும். உள்ளே காய்களைக் கழுவி, இலையை ஊதித் தள்ளி, கொட்டையோடு சேர்த்து அரைக்கிறார்கள். அந்தக் கூழை 27 டிகிரிக்கு மேல் சூடேறவிடாமல் மெதுவாகப் பிசைந்து, பிறகு சுழல் இயந்திரத்தில் விட்டு எண்ணெயைப் பிரிக்கிறார்கள். நூறு கிலோ காய்க்குப் பதினைந்து கிலோ எண்ணெய் வந்தால் ஆலைக்கு வந்த விவசாயி முகம் மலர்வார். குழாயிலிருந்து விழும் எண்ணெய் நாம் கடையில் பார்க்கும் பொன்னிறம் அல்ல, கலங்கலான கரும்பச்சை. நெருப்பில் வாட்டிய ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, எண்ணெயை ஊற்றி, உப்பைத் தூவி நீட்டுவார்கள். நாக்கில் முதலில் கசப்பு. விழுங்கிய பிறகு தொண்டையின் அடியில் மிளகு மாதிரி ஓர் எரிச்சல். இருமல் வரும். இருமினால் ஆலைக்காரருக்கு மகிழ்ச்சி. மொராயோலோ ரகக் காயின் குணமே அதுதான். அறுவடைக் காலத்தில் உம்ப்ரியா முழுவதும் வார இறுதிகளில் ஆலைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் ஏற்பாடும் உண்டு. எவரிடமும் சிபாரிசு தேட வேண்டாம்.

அக்டோபரில் போனால் இன்னொன்றும் கிடைக்கும். மலையடிவாரத்துச் சமவெளியில் விளையும் கறுப்பு செலரி இந்த ஊரின் தனிச்சொத்து. பெயர்தான் கறுப்பு, பார்க்கக் கரும்பச்சை. அதற்கென்று ஊர்த் திருவிழாவே நடக்கிறது. ஓவியத்தில் நாட்டமுள்ளவர்கள் ஊருக்குச் சற்றுக் கீழே உள்ள மதோன்னா தெல்லே லாக்ரிமே தேவாலயத்தில் மறுமலர்ச்சிக்கால ஓவியர் பெருஜீனோவின் சுவரோவியத்தைப் பார்க்கலாம். அவருடைய கடைசிக்காலப் படைப்புகளில் ஒன்று. நடக்கப் பிடித்தவர்களுக்கு அசீசியிலிருந்து வரும் புனித பிரான்சிஸ் யாத்திரைப் பாதை ஊர் வழியாகவே ஸ்பொலேட்டோவுக்குப் போகிறது, பெரும்பகுதி ஒலிவத் தோப்புக்குள்ளேயே.

ட்ரெவிக்கும் குறை உண்டு. ஜூலை, ஆகஸ்டில் போனால் தோப்பில் ஒன்றும் நடக்காது. நவம்பரில் மழை பிடித்துக்கொண்டால் அறுவடையே நின்றுவிடும். மூன்று நாள் அறையிலேயே முடங்க நேரலாம். காய்ப்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2014இல் ஒலிவ ஈ தாக்கியபோது நடு இத்தாலியில் பல தோட்டங்களில் பறிக்கவே ஒன்றும் மிஞ்சவில்லை. அறை பிடிப்பதற்கு முன் வீட்டுக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, இந்த ஆண்டு பறிப்பு எப்போது என்று கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டாலே உங்களை அவர்கள் நடத்தும் விதம் மாறும்.

சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். சைவர்களுக்குப் பியென்சாவில், மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துக் கையால் திரிக்கும் பீச்சி என்ற தடித்த பாஸ்தா இருக்கிறது. பூண்டுத் தக்காளிச் சாறோடு கேளுங்கள். பெக்கொரீனோ வாங்கும்போது மட்டும் எச்சரிக்கை: பாலைத் திரிக்க வழக்கமாக ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பார்கள். காட்டு முட்செடிப் பூவால் திரித்ததும் கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். சாந்தோ ஸ்தெஃபானோவில் பருப்பை விட்டால் மற்றதெல்லாம் ஆட்டிறைச்சி. ட்ரெவி இதில் நடுநிலை. டஸ்கனியிலும் உம்ப்ரியாவிலும் ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள். கெட்டுப்போன ரொட்டி என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

கார் எடுப்பதாக இருந்தால் இந்திய உரிமத்தோடு, ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். பழைய ஊர்களின் மதிலுக்குள் பல இடங்களில் வெளியார் வண்டிக்கு அனுமதியில்லை. வாயிலில் இருக்கும் கேமரா எண்ணைப் படம் பிடித்துவிடும், அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். மதிலுக்குள் தங்குவதா, கீழே பண்ணை விடுதியிலா என்பது காரைப் பொறுத்தது. அக்ரிதுரிஸ்மோ எனப்படும் பண்ணை விடுதிகளில் விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 1985 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கார் உள்ளவருக்குப் பண்ணை, இல்லாதவருக்கு மதிலுக்குள். எங்கே தங்கினாலும் பாஸ்போர்ட்டை வாங்கிக் குறித்துக்கொள்வார்கள். விருந்தினர் விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது அவர்கள் கடமை, அதில் ஐயப்பட ஒன்றுமில்லை.

ஆக, விடுப்பு மே மாதத்தில் என்றால், காரும் இருந்தால், தயங்காமல் பியென்சா. பள்ளிக் கோடை விடுமுறையை ஒட்டிக் குடும்பத்தோடு போகிற பெரும்பாலோருக்கு இதுதான் பொருந்தும். ஆகஸ்டில்தான் முடியும் என்றால், வெயிலுக்குத் தப்பி மலை ஏறுங்கள். சாந்தோ ஸ்தெஃபானோவில் இரண்டு நாள் போதும், ஒருவேளை தனியே போகிறவர் என்றால் நான்கு நாள்கூட இருக்கலாம். காரும் இல்லை, வண்டி ஓட்டும் துணிச்சலும் இல்லை, ஆனால் விவசாயம் நடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பவருக்கு அக்டோபர் கடைசியில் ட்ரெவி. மூன்றில் எனக்கு விருப்பமானதும் அதுவே. காரணம் எளிது: மற்ற இரண்டு ஊர்களிலும் நான் விளைபொருளைக் கடையிலும் தட்டிலும் பார்த்தேன்; ட்ரெவியில் அது மரத்திலிருந்து இறங்கிப் புட்டியில் அடைபடும்வரை கூடவே நிற்க முடிந்தது.

எண்ணெய் வாங்கினால் தகர டப்பாவில் வாங்குங்கள், கண்ணாடிப் புட்டி வேண்டாம். ஐந்து லிட்டர் டப்பா எண்ணெய் மட்டுமே நான்கரைக் கிலோவுக்கு மேல் வரும். கைப்பையில் விமானத்துக்குள் விடமாட்டார்கள், பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து அனுப்ப வேண்டும். ஊருக்கு வந்ததும் வெளிச்சம் படாமல் வையுங்கள். தொண்டையை எரிக்கும் அந்தக் காரம் நாளாக ஆக அடங்கிவிடும், எனவே விருந்தாளிக்கென்று எடுத்துவைக்காமல் சீக்கிரம் தீர்த்துவிடுவது நல்லது.